மூன்று புத்தகம், ஒரு மண்டபம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகும்படி முதலாளியம்மா சொன்னார். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆறு பேர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் இருபத்தாறு வருஷம் மண்டபத்து முன்பதிவுப் புத்தகத்தில் எழுதியதால் கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். ஐம்பத்து மூன்று வயதிலேயே ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டேன். காது மந்தமாகிவிட்டது. நாதஸ்வரத்துக்குப் பத்தடி தூரத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு அது ஆச்சரியம் இல்லை.

இப்போது உங்கள் மேசைகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. செங்கல்பட்டில் ஒன்று, கூடுவாஞ்சேரியில் ஒன்று, மாமல்லபுரத்தில் மண்டபத்திலேயே ஒன்று. ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டிலும் அதே எழுத்து வந்துவிடுகிறது. லைன் அறுந்தால் மட்டும் மஞ்சள் பெட்டி ஒன்று வந்து ‘காத்திருக்கவும்’ என்கிறது. பக்கத்தில் ‘தனியாகப் பதிவு செய்’ என்று ஒரு பட்டன் வைத்தால் என்ன என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டாராம். அந்தப் பட்டன் ஒரு காலத்தில் இருந்தது. என் வலது கைதான் அது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு புத்தகம். மண்டபத்தில் என் மேசைமேல் இருக்கும். ஒருநாள் எத்தனை இலை போடுவது என்று கேட்க வந்த சமையல்காரர், கையிலிருந்த சாம்பார் வாளியை அதன்மேல் வைத்துவிட்டார். ஆவணி மாதத்துப் பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் கிழிந்தது. அந்த ஆவணி முழுக்க, கேட் முன்னால் கட்டுகிற பேனரைப் படித்துத்தான் அன்றைக்கு யார் கல்யாணம் என்று நான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகுதான் முதலாளியம்மா மூன்று ஊரிலும் முன்பதிவு மேசை போட்டு ஆளுக்கொரு புத்தகம் வைத்தார்.

புத்தகம் தொலையும் பயம் போனது. மூன்றிலும் ஒரே விஷயம்தான் இருக்கிறதா என்ற பயம் வந்தது. போனில் சொல்லி மூன்று பேரும் எழுதினால்தான் பதிவு என்று முதலில் சட்டம் போட்டோம். கூடுவாஞ்சேரி ஏழுமலை நாஸ்தாவுக்குப் போனால் மூன்று ஊரிலும் வேலை நின்றது. வந்தவர்கள் எதிர் மண்டபத்துக்குப் போனார்கள். ஒரு புத்தகம் இருந்த காலத்தைவிட மோசமாக மூன்று புத்தகத்தை வைத்து நடத்தினோம்.

பிறகு செங்கல்பட்டு டேவிட்தான் ஒரு வழி சொன்னான். மூன்று பேரில் இரண்டு பேர் எழுதினால் போதும். விரலை மடக்கிப் பாருங்கள். நானும் டேவிட்டும் ஒரு நாளை எழுதிவிட்டோம் என்றால், ஏழுமலை அதே நாளை வேறு யாருக்காவது கொடுக்க எங்களில் ஒருவரைக் கேட்டே ஆகவேண்டும். கேட்டால் மாட்டிக்கொள்வான். இது நன்றாக வேலை செய்தது. ஒரே ஒரு குறை: வாயில் இட்லியோடு ஏழுமலை “சரி மச்சான்” என்பான், எழுதமாட்டான். அதனால் பேனாவை எடுத்து எழுதி முடித்த பிறகுதான் ‘சரி’ சொல்லவேண்டும் என்று ஒரு கிளைச் சட்டம் போட்டோம்.

அந்தச் சமயத்தில் முதலாளியம்மாவின் மாப்பிள்ளை வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல மனிதர், யாரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எதிர் மண்டபத்துக்கு ஆட்கள் போய்விடுகிறார்கள் என்று மாமியார் புலம்பியதைக் கேட்டு, அளந்து பார்த்துவிடலாம் என்றார். ஒரு போன் எத்தனை தடவை எடுக்கப்படாமல் போகிறது, எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்தால், வருஷத்தில் எத்தனை தடவை வாடிக்கையாளர் காத்திருக்க நேரும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாமாம். அவர் ஆபீசில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களுக்கு இப்படித்தான் செய்வார்களாம்.

ஒரு வாரம் மூன்று மேசையிலும் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் கோடு போடச் சொன்னார். அவருக்கு ஆபீஸ் லீவு கிடைத்தது வருஷக் கடைசியில். அதாவது மார்கழியில்.

மார்கழியில் யார் கல்யாணம் செய்கிறார்கள்? மண்டபத்தில் நானும் இரண்டு பூனையும்தான். போன் அடிக்காதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம், முதல் மணியிலேயே எடுப்போம். டேவிட் ஒரு தடவை மணி அடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டதாகச் சொன்னான்.

லீவு முடிகிற அன்றைக்கு மாப்பிள்ளை சார் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துத் தாளைக் காட்டினார். “ஒருத்தர் எடுக்காம போறதே அபூர்வம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எடுக்காம போறது அந்த அபூர்வத்துலயும் அபூர்வம். அதனால அஞ்சு ரிங்குக்குள்ள யாரும் எடுக்கலன்னா, தனியாவே எழுதிடுங்க. சாயங்காலம் சேத்துப் பாத்துக்கலாம். ஆளு கை நழுவிப் போகாது.”

பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, உங்களுக்கு எதுனா தோணுதா?” என்று கேட்டார்.

தோன்றியது. முகூர்த்த நாளில் கெட்டிமேளம் ஆரம்பித்தால் என் போன் அடிப்பது எனக்கே கேட்காது. அன்றைக்குத்தான் ஊரே மண்டபத்துக்கு வரும், வந்தவர்கள் மண்டபத்தைப் பார்த்து ஆசைப்பட்டு என் மேசைக்கு வருவார்கள். இதைச் சொல்லியிருக்கவேண்டும். பத்துப் பேர் என் முகத்தையே பார்த்தார்கள். “இல்ல சார்” என்று சொல்லிவிட்டேன்.

என் வேலையில் நான் செய்த பெரிய தப்பு அந்த இரண்டு வார்த்தைதான். மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்.

தை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். உள்ளே தாலி கட்டுகிற நேரம். விருந்துக்கு வந்திருந்த ஒரு அம்மா என் மேசைக்கு வந்தார். பெயர் சரளா, செங்கல்பட்டில் நர்ஸ் வேலை. மகளுக்குக் கல்யாணம். வைகாசி மாதத்து வளர்பிறை ஞாயிறு வேண்டும் என்றார். அந்த வைகாசியில் ஞாயிறும் வளர்பிறை முகூர்த்தமும் சேர்ந்து வந்தது ஒரே ஒரு நாள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த நாள்மேல்தான் கண்.

டேவிட்டுக்கு அடித்தேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஏழுமலைக்கு அடித்தேன். அதே பெண், அதே பதில். பத்து நிமிஷம் மாறி மாறி அடித்தேன். பிறகுதான் தெரிந்தது: நான் டேவிட்டுக்கு அடித்த நேரத்தில் டேவிட் ஏழுமலைக்கு அடித்துக்கொண்டிருந்தான், ஏழுமலை எனக்கு அடித்துக்கொண்டிருந்தான். மூன்று ஊரிலும் முகூர்த்தம், மூன்று மேசையிலும் ஆள். மூன்று பேரும் அந்த ஒரே பெண்ணின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். நடுநடுவே அவர்கள் எனக்கு அடித்ததெல்லாம் தவிலில் கரைந்துவிட்டது.

“இன்னாண்ணே, கெடைக்குமா கெடைக்காதா?” என்றார் சரளா.

சட்டத்தில் இடம் இருந்தது. தனியாக எழுதினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரமும் போட்டேன்: பத்து இருபது.

சாயங்காலம் மூன்று புத்தகத்தையும் முதலாளியம்மா வீட்டில் விரித்தோம். வைகாசி ஞாயிறுக்கு என் புத்தகத்தில் சரளா. டேவிட் புத்தகத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரர். ஏழுமலை புத்தகத்தில் ஒரு கான்ட்ராக்டர். மூன்று பேரும் அழகாக அடிக்கோடு வேறு போட்டிருந்தோம்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “ஒரு மேடை. மூணு கூட்டம். மாப்ளைங்கள வரிசையில நிக்க வச்சி டோக்கன் குடுக்கலாமாய்யா?”

மாப்பிள்ளை சார் முகம் சுண்டிவிட்டது. “நேரம் எழுதியிருக்காங்களே, அத்தை. யாரு முதல்ல எழுதினாங்களோ அவங்களுக்குக் குடுத்துடலாம்.”

பார்த்தால் டேவிட் பத்து பதினைந்து, ஏழுமலை பத்து பதினெட்டு, நான் பத்து இருபது. நாள் பாத்திரக் கடைக்காரருக்கு. சரளா கடைசி.

அந்த அம்மா எழுதச் சொல்லும்போது ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அவர் குடும்பத்தில் மண்டபத்தில் நடக்கப்போகிற முதல் கல்யாணம் அது. அப்பா, தாத்தா எல்லாம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அண்ணன்கள் கல்யாணமெல்லாம் தெருவில் பந்தல் போட்டு, மினி பஸ்ஸை வேறு வழியாகச் சுற்றிப் போகவிட்டு நடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு உண்மையைச் சொன்னால் அவர் முன்னால் வந்துவிடுவார். வாயைத் திறந்தேன்.

“மண்டபத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் கூட ஓடுது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஐயரு வக்கச் சொன்னாரு. முகூர்த்தம் தப்பிடக் கூடாதுன்னு. அப்டின்னா நான் எழுதினது பத்து பத்துக்கு.”

“எவ்ளோ நாளா?” என்றார் முதலாளியம்மா.

“பதினோரு வருஷமா.”

“ஏன்யா சொல்லல?”

“யாரும் மணி கேக்கலம்மா.”

நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். டேவிட் நல்லவன், பொய் சொல்லமாட்டான். மெதுவாகத் தலையைச் சொறிந்தான். “அண்ணாத்த சொன்னப்புறம் நானும் சொல்லிடறேன். நம்ம கடிகாரம் கால் மணி ஃபாஸ்ட்டு. சாயங்காலம் பஸ்ஸப் புடிக்கணும்ல.”

ஏழுமலை கடிகாரத்தில் பேட்டரி வீக்காம், எப்போது எவ்வளவு பின்தங்கி ஓடும் என்று அதற்கே தெரியாதாம்.

கழித்துப் பார்த்தால் டேவிட் பத்து மணிக்கே எழுதியிருந்தான். என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தைரியமாகப் பேசினேன். அதன் பலன், பாத்திரக் கடைக்காரரின் உரிமையைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துக் கொடுத்ததுதான்.

“நீ எழுதின ஆள நீயே போய்ப் பாத்து சொல்லிடு” என்றார் முதலாளியம்மா.

மறுநாள் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். சரளா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்தாருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்த ஆரம்பித்துவிட்டார். தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

“நூத்தி எழுவது கீது. இன்னாத்த அப்டி யோசிச்சிக்கினு கீறீங்க?” என்றவர் அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். “மண்டபத்து அண்ணனா?”

காற்று இறங்கி முடிவதற்குள் ஒரே நாளில் மூன்று பெயர் விழுந்த கதையைச் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் கத்தவில்லை. பட்டையைக் கழற்றி மடித்தார். “மாப்ள கப்பல்ல வேல. வைகாசி பாதியில ஏறிடுவான், திரும்பி வர எட்டு மாசம். தெரு பூரா சொல்லிட்டேண்ணே.” மடித்த பட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு, “அவங்க ரெண்டு பேருக்கும் இன்னா அவசரம்?” என்று கேட்டார்.

“அவங்கதான் மொதல்ல…”

“மொதல்ல வந்தது யாருன்னு நான் கேக்கல. எங்க வார்டுல ஒரே நேரத்துல மூணு பேர் வந்தா, யாரு மொதல்ல வந்தாங்கன்னு பாக்க மாட்டோம். யாரால காத்திருக்க முடியாதுன்னு பாப்போம். நீங்க அவங்கள கேட்டீங்களா?”

கேட்கவில்லை. மூன்று கடிகாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடினோம். மூன்று குடும்பத்தில் ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை.

தெருமுனையிலிருந்தே ஏழுமலைக்கு போன் செய்து, கான்ட்ராக்டரைக் கேட்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். “மச்சான், அந்த ஆளு நம்மளுக்கு மேல கீறாரு. எது கெடைக்குதோ கெடைக்கட்டும்னு மூணு மண்டபத்துல எழுதி வச்சிக்கீறாரு. நம்முளுது போனா போவுதுன்ட்டாரு.” நாங்கள் ஒரு மண்டபத்துக்கு மூன்று புத்தகம் வைத்தோம். அவர் ஒரு கல்யாணத்துக்கு மூன்று மண்டபம் வைத்திருந்தார்.

பாத்திரக் கடைக்கு நானே போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். “இன்னா வேணும்?” என்றார். நான் சிரித்தேன். “ஒக்காருங்க, ஆள் வரும்” என்று ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஒரு டீ வந்தது. யோசித்தேன். இரண்டாவது டீ வந்தது. வாடிக்கையாளர்கள் என்னையும் என் புத்தகத்தையும் தராசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் குடத்தைத் திரும்ப வைத்துவிட்டே போய்விட்டார்.

மூன்றாவது டீயோடு முதலாளியே வந்தார். “ஐயா, நீங்க தராசு செக் பண்ற ஆபீசருங்களா? நம்ம கடையில எல்லாம் முத்திரை போட்டதுதான். வாயத் தொறந்து எதுனா சொல்லுங்க, ரெண்டு மணி நேரமா வியாபாரம் நாஸ்தியா பூட்ச்சி.”

“மண்டபத்துலேர்ந்து வரேன். வைகாசியில ஒங்க வூட்டு விசேஷம். ரெண்டு வாரம் காத்திருக்க முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இதக் கேக்கவா ரெண்டு மணி நேரம்?”

“எனக்குப் பேச வராது.”

கப்பல் மாப்பிள்ளை விஷயத்தை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் வீட்டு விசேஷம் பேரனுக்குக் காதுகுத்து. கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். ஜோசியர் பார்த்துக் கொடுத்த நாள், வேன் பேசியாயிற்று என்றெல்லாம் சொன்னார். நான் ஸ்டூலில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தேன். வாசலில் அடுத்த வாடிக்கையாளர் தயங்கி நின்றார்.

“சரி, எழுந்திரிங்க. வேற நாள் பாத்துக்கறேன். புள்ள காது எங்க பூடப் போவுது, தலையோடதான ஒட்டிக்கினு கீது.”

அந்தத் தையிலும் மாசியிலும் மாப்பிள்ளை சார் மறுபடியும் அளந்தார். இந்த முறை லீவைப் பார்க்கவில்லை, பஞ்சாங்கத்தைப் பார்த்தார். முகூர்த்த நாள்களில் மட்டும் அவரே என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதில் பஞ்சு வைத்திருந்தார். காத்திருக்கும் நேரத்தை நான் ‘ஒரு கெட்டிமேளம்’, ‘ஒரு கெட்டிமேளமும் ஒரு பாட்டும்’ என்று எழுதியதைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டார். கணக்கு வந்ததும் அவரே சொன்னார்: “வருஷம் பூரா கூட்டி வகுத்தா நாம ரொம்ப நல்லவங்கண்ணே. ஆனா யாரும் வருஷம் பூரா கல்யாணம் பண்றதில்ல. ஒருத்தர் போன் எடுக்காத நேரத்துலதான் மத்தவங்களும் எடுக்க மாட்டாங்க. நான் மூணையும் தனித்தனியா நெனச்சு பெருக்கிட்டேன்.” முகூர்த்தக் காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் காத்திருந்தே ஆகவேண்டும் என்று புதுக் கணக்கு சொன்னது.

தனியாக எழுதும் சட்டத்தை அன்றே எடுத்துவிட்டோம். ஆனால் முதலாளியம்மாவின் பயமும் நியாயமானதுதான். காத்திருக்கச் சொன்னால் ஆள் எதிர் மண்டபத்துக்குப் போவார். மஞ்சள் பெட்டி வரும்போது உங்களுக்கும் அந்த அவசரம் வரும். அதற்கு நான் கண்டுபிடித்த வழியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

வைகாசி ஞாயிறு. மேடையில் சரளாவின் மகள். கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. சரியாக அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் என் மேசைக்கு வந்து ஆவணியில் ஒரு தேதி கேட்டார். டேவிட் எடுக்கவில்லை. ஏழுமலை எடுக்கவில்லை. பேனா கையில்தான் இருந்தது. மூடி போட்டுச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து நேராகப் பந்திக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

அவர் வெட்கப்படவில்லை. கேசரியை இரண்டு தடவை வாங்கினார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து அன்பாகக் கவனித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கினார்கள். தாலி கட்டி முடிந்ததும் பட்டுப் புடவையில் பந்தி விசாரித்துக்கொண்டு வந்த சரளா அவரிடம் நின்றார்.

“நீங்க எந்த வூடு?”

“எந்த வூடும் இல்லம்மா. மண்டபம் கேக்க வந்தேன். அந்த அண்ணன் இட்டாந்து ஒக்கார வச்சாரு.”

சரளா என்னைத் திரும்பிப் பார்த்தார். மேளத்தில் பேச்சு எடுபடாது. போனைத் தூக்கிக் காட்டி, உதட்டைப் பிதுக்கினேன். அவர் புரிந்துகொண்டார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அந்த இலைக்கு இன்னும் ஒரு வடை போடச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

மோர் ஊற்றுகிற நேரத்தில் டேவிட் எடுத்தான். வெள்ளைச் சட்டைக்காரர் கேட்ட தேதியை அவனும் ஏழுமலையும் கால் மணி முன்னால்தான் வேறு ஒருவருக்கு எழுதியிருந்தார்கள். நான் தனியாக எழுதியிருந்தால் இன்னொரு ஸ்டூலில் உட்காரவேண்டி வந்திருக்கும். கை கழுவிவிட்டு வந்தவரிடம் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஏப்பம்தான் வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, அதுக்கு அடுத்த முகூர்த்தம் பாருங்க” என்றார்.

டேவிட் எழுதினான். எழுதிவிட்டு ‘சரி’ என்றான். நானும் எழுதினேன். சாயங்காலம் ஏழுமலையும் எழுதினான். மூன்று புத்தகத்திலும் அந்த நாளில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.